ஐசனோவர் நூலகத்தின் இணைய ஆவணச் சேவை

கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் நகரில் உள்ள ஐசனோவர் நூலகம், 1953 முதல் 1961 வரை அமெரிக்க அதிபராக இருந்தவரின் ஆவணங்கள் பலவற்றைக் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கத் தருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செழிப்பை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதை அறிய இதைவிடச் சிறந்த வாயில் எனக்குத் தெரிந்து இல்லை.

நெடுஞ்சாலைத் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. 1919இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சென்ற ராணுவ வாகன அணியில் இளம் அதிகாரியாகப் பயணம் செய்த ஐசனோவர், வழிநெடுகிலும் கண்ட மோசமான சாலைகளைப் பற்றி எழுதிய அறிக்கை அங்கே கிடைக்கிறது. 41,000 மைல் நெடுஞ்சாலைக்கான செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால், அந்தத் திட்டத்தின் வேர் பிடிபடுகிறது.

1957இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் சேர்வது தடுக்கப்பட்ட விவகாரத்தில் படைகளை அனுப்புவது குறித்து அவர் கைப்பட எழுதிய குறிப்பும் உண்டு. நிறவெறிக்கு எதிராக அவர் மிகத் தாமதமாகவே அசைந்தார் என்ற என் கருத்தை அது மாற்றவில்லை.

சேவையின் மணிமகுடம் 1961 ஜனவரி 17ஆம் நாள் பிரியாவிடை உரையின் வரைவுகள்தாம். ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோப்பதன் ஆபத்தை ஒரு முன்னாள் தளபதியே எச்சரித்த அந்த உரை, வரைவுக்கு வரைவு எப்படித் திருத்தப்பட்டது என்பதைப் பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். கையெழுத்துப் பகுதிகளைப் படிக்கப் பொறுமை வேண்டும். கைப்பேசியைவிடக் கணினித் திரையே உகந்தது.