குலுக்கலா, பேரேடா: மாலை வகுப்பை யாரைக் கொண்டு அளப்பது?

ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியைச் சுற்றியுள்ள பன்னிரண்டு ஊர்களில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை வகுப்புகள் நடத்திவருகிறோம். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகளே அவற்றுக்குப் பெரும்பாலும் வருகிறார்கள். ஊருக்கு ஏறத்தாழ 25 பேர். வகுப்புகள் தொடங்கி நான்காம் ஆண்டில், எங்களுக்குப் பணம் தரும் நன்கொடையாளர் ஒருவர், இதனால் பிள்ளைகளின் படிப்பு உண்மையிலேயே கூடுகிறதா என்பதை ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தைக் கொண்டு அளந்து காட்ட முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆய்வு மையங்கள் எல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடக்கூடியவை அல்ல; ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை தேடும் கருவி. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவற்றை ஓராண்டு விசாரித்து, சிலவற்றைத் தொட்டும் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் குலுக்கல் முறை. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஜே-பால் ஆய்வகம் இம்முறையால்தான் பெயர் பெற்றது. அதை நிறுவியவர்களில் இருவரான அபிஜித் பானர்ஜிக்கும் எஸ்தர் டுஃப்லோவுக்கும், மைக்கேல் கிரேமருடன் சேர்த்து, 2019இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பக்கத்துக்கு இது தொலைவான பெயர் அன்று. ஜே-பாலின் தெற்காசியப் பிரிவு சென்னையில் வேரூன்றிய ஐ.எஃப்.எம்.ஆர். என்னும் நிதி மேலாண்மை ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தது; அதே குடும்பத்திலிருந்து வந்த லீட் என்னும் ஆய்வு மையம், ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் வளாகம் கொண்ட கிரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வழிமுறை எளிது: ஒரு திட்டத்தை எந்த ஊருக்குத் தருவது, எந்த ஊருக்கு இப்போதைக்குத் தராமல் நிறுத்துவது என்பதைக் குலுக்கலால் தீர்மானித்து, இரு தரப்பையும் முன்னும் பின்னும் அளந்து, வேறுபாட்டைத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது.

இம்முறையின் வலிமையைக் காட்டத் தமிழ்நாட்டு அங்கன்வாடி ஆய்வு ஒன்றே போதும். கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் தேர்ந்த மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தச் செய்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டித்திருந்ததோடு பிள்ளைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டிருந்தன. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும் குறைந்திருந்தது. ஓர் அரசு பல்லாயிரம் மையங்களுக்குப் பணம் ஒதுக்குமுன் கையில் இருக்க வேண்டிய சான்று இத்தகையதுதான்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது மற்றோர் ஆய்வு. அது குலுக்கல் ஆய்வுகூட அன்று. பெருந்தொற்றுக்குப் பின், 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது, எல்லைக்கு அப்புறம் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தெருக்களில் தன்னார்வலர்கள் மாலையில் பாய் விரித்துப் பாடம் நடத்தியதை எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்து ஏங்கினார்கள்; எங்கள் வகுப்புகளுக்கு விதையும் அந்த ஏக்கமே. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வு, பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டது. இதை முதலில் படித்தபோது எனக்குச் சற்று வயிறு கலங்கியது. காரணம், வகுப்புக்கு வரும் பிள்ளைகளை மட்டும் ஜூனில் ஒருமுறையும் மார்ச்சில் ஒருமுறையும் சோதித்து, ‘இவ்வளவு ஏறியிருக்கிறார்கள்’ என்று நன்கொடையாளருக்குப் படம் போட்டு அனுப்பிவந்தவர்கள் நாங்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள், பள்ளியும் நடக்கிறது. ஏறியதில் எங்கள் பங்கு கால்வாசியா அதற்கும் கீழா என்பதை அந்தப் படம் சொல்லவே சொல்லாது.

அப்படியானால் குலுக்கலுக்கே போய்விடலாமே என்றால், எண்ணிக்கை குறுக்கே நிற்கிறது. பன்னிரண்டு ஊர், ஊருக்கு 25 பேர், மொத்தம் 300 பிள்ளைகள் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரே வகுப்பில் அமரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள். ஒரே ஆசிரியர், ஒரே தெரு, ஒரே தறியோசை. அந்த ஒற்றுமையின் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒன்றே) 0.2 என்று வைத்துக்கொண்டால், 25 பேர் கொண்ட குழுவுக்கு 1 + 24 × 0.2, அதாவது 5.8 என்னும் வகுஎண் வருகிறது. 300ஐ அதனால் வகுக்க, மிஞ்சுவது ஏறத்தாழ 52 பேருக்குரிய தகவல்தான். அதையும் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டால், மிகப் பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தாலொழிய, ‘திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை’ என்ற விடையே கிடைக்கும். ஓராண்டு முழுதும் அளவீட்டாளர்களை ஊர் ஊராக அனுப்பும் செலவு எங்கள் வகுப்புகளின் ஆண்டுச் செலவையே விழுங்கிவிடும் என்பது தனிக்கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘பாதி ஊருக்குக் கொடுத்துப் பாதி ஊருக்கு மறுப்பது அநியாயம்’ என்று குலுக்கலைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்கும் ஊர்கள் பல, கொடுக்கக் கையிருப்பு சில என்றால், யாரோ ஒருவர் எப்படியும் தெரிந்தெடுக்கத்தான் போகிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை நாம் பெருமையாகப் பேசுவது குலுக்கலில் சாய்வில்லை என்பதற்காகத்தானே? கூட்டத்தில் இதைச் சொன்னபோது நெசவுக்காரப் பெரியவர் ஒருவர், “மெம்பர் வீட்டுத் திண்ணையில முடிவு பண்றதைவிடச் சீட்டுக் குலுக்கிப் போடுறது மேல் சார்” என்றார்.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. ஓர் ஆய்வு நிறுவனம் எங்கள் ஊர்களில் மாதிரி அளவீடு ஒன்று நடத்தியபோது ஏகாம்பரகுப்பத்தில் நானும் உடனிருந்தேன். தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டுத் திண்ணை. மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை. எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகப் போகும் வாசிப்பு அட்டை. ஊர்ப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீட்டுக்கே போய்ச் சோதிக்கும், பிரதம் அமைப்பின் அசர் கணக்கெடுப்பு 2005 முதல் நாடெங்கும் பழக்கிவிட்ட அதே வகை. தெலுங்குப் பத்தியை அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டி, இரண்டு இடத்தில் தடுக்கிப் படித்து முடித்தாள். பிறகு, கேட்காமலேயே, அந்தக் கதையைத் தமிழில் என்னிடம் முழுதாகச் சொன்னாள். அளவீட்டாளர் டேப்லெட்டில் ‘சொல் நிலை’ என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பொருள் புரிந்ததா, எந்த மொழியில் புரிந்தது என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. தமிழ் அட்டையை நீட்டியபோது அவளால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. ஆனால் பேருந்தின் நெற்றியில் ‘திருத்தணி’ என்று இருந்தால் தெரியும் என்றாள், உருவத்தை வைத்து. மாநிலத்துக்கு ஒரு மொழி என்று வடிவமைத்த படிவத்தில் இந்தப் பிள்ளை பின்தங்கியவள். எங்கள் கண்ணுக்கு அவள் இரண்டு மொழிக்கு நடுவே பாலம் கட்டிக்கொண்டிருப்பவள். இது குலுக்கலின் குற்றம் அன்று என்பதும் எனக்குத் தெரியும். எல்லா ஊருக்கும் ஒரே படிவம் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்ற கட்டாயத்தால் இந்தக் குறை இம்முறையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

இரண்டாவது, பேரேட்டு முறை. இதற்கு எங்கள் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே முன்மாதிரி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு வீட்டின் பிறப்பு, இறப்பு, கருவுறுதல், நோய் ஆகியவற்றைப் பதிந்துவருகிறது. அதே கல்லூரியின் ருசா என்னும் ஊரக நலப் பிரிவு 1977 முதல் கே.வி.குப்பத்தில் இயங்குகிறது. ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர் சேர்க்கும் தகவலை அவருக்கு மேலுள்ள பணியாளர், செவிலியர், மருத்துவர் என்று படிப்படியாகச் சரிபார்க்கிறார்கள். இங்கே ஆய்வு மையம் வந்து அளந்துவிட்டுப் போகும் விருந்தாளி அன்று. திட்டத்தை நடத்துவதும் கணக்கு வைப்பதும் ஒரே வீட்டு வேலை.

இத்தகைய பேரேடு எதைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு ஒரு சான்று. கணியம்பாடியின் 1,08,000 மக்களிடையே 1992 முதல் 2001 வரை நிகழ்ந்த ஒவ்வொரு இறப்புக்கும் காரணம் விசாரித்துப் பதிந்திருந்ததால், 10 முதல் 19 வயதுப் பெண்களிடையே தற்கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 148 என்பதும், அதே வயது ஆண்களிடையே 58 என்பதும் வெளிப்பட்டன. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இந்தக் கண்டுபிடிப்பை யாரும் முன்கூட்டிக் கேள்வியாக எழுதிவைத்து அளக்கவில்லை. காவல் நிலையப் பதிவுகளிலும் அது முழுதாகத் தெரியாது. வீடுதோறும் போய், பழகிய முகத்திடம் சொல்லப்பட்டதை எழுதிவைத்ததால் தெரிந்தது. குலுக்கல் ஆய்வு நாம் கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். கேட்கத் தோன்றாத கேள்வியைப் பேரேடுதான் எடுத்துக் கொடுக்கும்.

பேரேட்டின் நோயும் எனக்கு நன்றாகவே தெரியும். எழுதுகிறவருக்கே எண் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை. எங்கள் வருகைப் பதிவேடு ஒன்றில் ஆடிக் கிருத்திகையன்று 24 பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததாகப் பதிவாகியிருந்தது. அன்று ஊரே காவடியோடு திருத்தணி மலையில் இருந்தது. அடுத்த குறை, ஒப்பிட வேறு ஊர் இல்லாததால் ‘எங்களால்தான் ஏறியது’ என்று பேரேட்டை வைத்து மார்தட்ட முடியாது. மூன்றாவது, கணியம்பாடிக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை நிற்கிறது. சிறு அமைப்புக்கு அந்த முதுகெலும்பு இல்லை.

மூன்றாவது வழி, அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் சமூகப்பணித் துறை. மலிவு, மொழி தெரியும், கல்லூரி மாணவர்கள் ஆர்வமாக வருவார்கள். ஆனால் மாணவரின் பருவத்தேர்வு முடிந்ததும் ஆய்வும் முடிந்துவிடும். ஒரு கல்லூரியிலிருந்து வந்து இரண்டு மாதம் வீடுவீடாகப் படிவம் நிரப்பினார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வந்தது. அதில் இரண்டு ஊர்ப் பெயர்கள் மாறிக் கிடந்தன. நிரப்பிய படிவங்களைத் திருப்பிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நான்காவதைக் கேரளத்தில் காணலாம். அங்கே 1990களின் தொடக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம், புவி அறிவியல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து, ஊர்க்காரர்களையே கொண்டு பஞ்சாயத்து வளவரைபடங்களைத் தயாரித்தது; பஞ்சாயத்துகளே தங்கள் வளர்ச்சியைத் திட்டமிட 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்கு அந்த அனுபவம் கைகொடுத்தது. அழகான வழி, ஊர் தன்னைத் தானே அளந்துகொள்வது. ஆனால் அளந்ததைக் கொண்டு செலவுசெய்யப் பஞ்சாயத்திடம் பணமும் அதிகாரமும் இருந்ததால்தான் அது உயிரோடு நின்றது. எங்கள் பஞ்சாயத்துகளில் படம் வரைந்தால் படம் சுவரில் தொங்கும்.

யாரையும் அழைக்காமல் அரசின் ஆயத்தத் தரவை எடுத்தாள்வதையும் சிலர் பரிந்துரைத்தார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆனது 2022 ஏப்ரலில். எங்கள் சித்தூர் என்று அந்த ஆய்வில் இருப்பது பிரிவினைக்கு முந்தைய பழைய பெருமாவட்டம். தெருவை அளக்க அந்த முழம் ஆகாது.

என் தீர்ப்பு, எங்கள் அளவுள்ள அமைப்புக்குப் பேரேட்டு முறையே. அரசு இந்த மாலை வகுப்பை மண்டலம் மண்டலமாக விரிக்கப்போகிறது என்றால் அன்றைக்குக் குலுக்கலைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு அது எங்களுக்கு யானைக்குத் தைத்த சட்டை. பெரிய மையத்திடம் நாங்கள் கேட்டது ஒரே ஒரு நாள் ஆலோசனை; மேலே சொன்ன 5.8 கணக்கு அன்று கற்றதுதான். பேரேட்டின் பொய்யைப் பிடிக்க, அருகிலுள்ள கல்லூரியின் புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்த ஊர் என்று எங்களுக்கே சொல்லாமல், இரண்டு ஊர்களில் பத்துப் பத்துப் பிள்ளைகளை மறுபடி சோதிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுத்து மூலம் மூன்று நிபந்தனைகள் வைத்தோம்: கேள்விகளை முன்கூட்டியே எங்களுக்குக் காட்ட வேண்டும், மூலத் தரவின் ஒரு படி எங்களிடம் இருக்க வேண்டும், முடிவைத் தமிழிலும் தெலுங்கிலும் பெற்றோர் கூட்டத்தில் படித்துக்காட்ட வேண்டும். வரும் ஜூனில் புதிதாக ஆறு ஊர்களுக்கு இடமுண்டு, கேட்டிருப்பவை பதினான்கு. பதினான்கிலும் முதலில் அளந்துவிட்டுச் சீட்டுக் குலுக்கப்போகிறோம். அந்தச் சிறு எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. திண்ணையில் முடிவாகாமல் இருக்குமே, அதற்காக.

புதிய பேரேடு அச்சாகி வந்துவிட்டது. பிள்ளையின் பெயருக்கு எதிரே மூன்று கட்டம்: தெலுங்கு வாசிப்பு, தமிழ் வாசிப்பு, படித்ததை எந்த மொழியில் திருப்பிச் சொன்னாள் என்பது. ஏகாம்பரகுப்பத்துப் பெண்ணுக்கு முதல் கட்டத்தில் ‘பத்தி, தடுக்கி’, மூன்றாவதில் ‘தமிழ், முழுக்கதை’ என்று எழுதியிருக்கிறது. நடுக்கட்டத்தில் ஆசிரியை பென்சிலால் ‘திருத்தணி’ என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறார்.