கேம் பாயைத் திறக்க வாங்கிய மூன்று திருப்புளிகள்: ஒரு மதிப்பீடு

நின்டெண்டோவின் பழைய கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்குப் புதிய திரை பொருத்துவதற்காக, இணையக் கடை ஒன்றில் 350 ரூபாய்க்கு ஒரு திருப்புளித் தொகுப்பு வாங்கினேன். உறையில் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. உள்ளே மூன்று திருப்புளிகள் இருந்தன: ஒய் வடிவ முனை கொண்டது ஒன்று, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் (திருகாணித் தலையின் மேல் தொப்பி போல உட்காரும் வகை) ஒன்று, 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் ஒன்று. ஆறு மாதங்களில் நான்கு கருவிகளையும் விளையாட்டு அடங்கிய செருகுபெட்டிகளான கார்ட்ரிட்ஜ்கள் பத்துப் பன்னிரண்டையும் இவற்றால் பிரித்துப் பார்த்துவிட்டேன். கேம்பிட் இரண்டும் கொடுத்த காசுக்குத் தகும்; எதற்காக இந்தத் தொகுப்பைத் தேடி வாங்கினேனோ, அந்த ஒய் முனைதான் கைவிட்டது.

1989இல் வந்த முதல் கேம் பாயிலிருந்தே, வாங்கியவர் வீட்டிலேயே பிரித்துவிடக் கூடாது என்பதற்காக, வெளி ஓட்டில் நின்டெண்டோ ஒய் வடிவத் திருகாணிகளைப் போட்டுவந்தது. கேம் பாய் அட்வான்ஸின் பின்புறத்தில் அப்படி ஆறு உண்டு. பேட்டரி அறைக்குள் இருக்கும் ஏழாவது மட்டும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. பார்வைக்குப் பெரிய பூட்டுப் போலத் தெரிந்தாலும், சரியான முனை கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலைதான். சிக்கலெல்லாம் அந்த ‘சரியான’ என்ற சொல்லில் இருக்கிறது. விற்பனைப் பக்கங்களில் ‘ட்ரை-விங்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகை முனைகள் கிடைக்கின்றன. விமானத் தொழிலில் பயன்படும் அசல் ட்ரை-விங்கில் மூன்று சிறகுகளும் நடுப்புள்ளியிலிருந்து விலகி நிற்கும். நமக்கு வேண்டியதோ மூன்று கோடுகளும் நடுவில் வந்து கூடும் வகை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் வாங்கினால், பொருந்தாத ஒன்று வீட்டுக்கு வந்து சேரும்.

எனக்கு வந்த முனை வடிவத்திலும் அளவிலும் சரியாகவே இருந்தது, குறை இரும்பில். முதல் கருவியில் ஐந்து திருகாணிகள் ஒழுங்காகக் கழன்றன. வலதுபுறக் கீழ்மூலையில் இருந்த ஆறாவதை, எனக்கு முன்னால் திறந்த யாரோ பலம் கொண்ட மட்டும் முறுக்கி வைத்திருந்தார்கள். அழுத்திப் பிடித்துத் திருப்பியபோது கையில் ஒரு வழுக்கல் தெரிந்தது. முனையை உருப்பெருக்கியில் பார்த்தால், மூன்று சிறகுகளில் ஒன்று வாழைப்பழத் தோல் போல ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. திருகாணியின் தலையும் சற்றே தேய்ந்துவிட்டது. குழிக்குள் இறுகியிருந்த அழுக்கை ஊசியால் கிளறி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, நண்பரிடம் கடன் வாங்கிய நல்ல முனையை நேர்செங்குத்தாக வைத்து, திருப்பும் விசையைவிட அழுத்தும் விசையை அதிகமாகக் கொடுத்த பிறகுதான் அது அசைந்தது. மலிவான முனையோடு இன்னும் இரண்டு முறை மல்லுக்கட்டியிருந்தால், துளையிட்டு எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

ஓடு திறந்த பின் ஒய் முனைக்கு வேலை இல்லை. தாய்ப்பலகையை (மதர்போர்டு) பிடித்திருப்பவை ஸ்டார் ஸ்க்ரூக்களே. தோள்பட்டைப் பொத்தான்கள் தம் சிறு ஸ்பிரிங்குகளோடு தெறித்து விழும் என்பதால், தட்டு ஒன்றின் மீது வைத்துத் திறப்பது நல்லது. திரை மாற்றுவோர் தாய்ப்பலகையில் திரைக்கான இணைப்பு 32 பின்களா, 40 பின்களா என்று பார்த்து, அதற்கேற்ற ரிப்பன் கேபிளைப் பயன்படுத்த வேண்டும். 2001இல் வந்த இந்தக் கருவியில் பின்னொளியே கிடையாது. மறு ஆண்டே டிரைட்டன் லேப்ஸ் நிறுவனம் ‘ஆஃப்டர்பர்னர்’ என்ற முன்விளக்குத் தொகுப்பை விற்கத் தொடங்கியது என்றால், அன்றைக்கே இதைப் பிரிக்க எத்தனை பேர் துடித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இனி கேம்பிட். இந்தத் திருகாணியின் தலையில் குழி இருக்காது. தலையே விளிம்பில் வெட்டுகள் கொண்ட குமிழ் போல நிற்க, திருப்புளி அதன் மேல் தொப்பியாக உட்காரும். பற்றும் பரப்பு அதிகம் என்பதாலோ என்னவோ, மட்டமான இரும்பும் இங்கே தாக்குப்பிடிக்கிறது. 3.8 அளவு பழைய கேம் பாய், கேம் பாய் கலர் கார்ட்ரிட்ஜ்களுக்கானது. ஒரே திருகாணியைக் கழற்றி முன்பாதியைக் கீழ்நோக்கித் தள்ளினால் ஓடு பிரியும். போக்கிமான் கோல்ட் விளையாட்டின் கார்ட்ரிட்ஜில் சேமிப்புக்கும் கடிகாரத்துக்குமாக இருக்கும் சிஆர்2025 பேட்டரி தீர்ந்துபோனவர்களுக்கு ஓட்டைத் திறக்க இது ஒன்றே போதும். பேட்டரியை மாற்றச் சால்டரிங் அயர்ன் வேண்டும்; அது தனிக்கதை. கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜ்களில் மட்டும் மறுபடியும் ஒய் வடிவம்தான் இருக்கிறது என்பதை விற்பனைப் பக்கம் சொல்லவில்லை. திருப்புளிக்குப் பதிலாக, பேனாக் குழாயை உருக்கித் திருகாணி மேல் அழுத்தி அச்செடுக்கும் வித்தையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஒருமுறை நானும் செய்தேன். திருகாணி கழன்றது; குழிக்குள் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைச் சுரண்ட அரை மணி நேரம் ஆயிற்று.

4.5 அளவு நின்டெண்டோவின் கையடக்கக் கருவிகளுக்கு அல்ல. சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64, கேம்கியூப் போன்ற பெரியவற்றுக்கானது. கேம்கியூபின் நான்கு திருகாணிகளும் ஆழமான குழிகளுக்குள் ஒளிந்திருக்கும். தடித்த கைப்பிடியில் குட்டை பிட் (கழற்றி மாட்டும் முனை) மாட்டும் தொகுப்புகள் அங்கே எட்டாமல் திணறும். இந்தத் திருப்புளியின் தண்டு மெலிந்து நீண்டிருப்பதால் சிரமமின்றி இறங்கியது.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். கேம்பிட் மட்டும் தேவைப்படுபவர் தயங்காமல் வாங்கலாம். கேம் பாயைத் திறக்க விரும்புபவர், ஐஃபிக்ஸிட்டின் மேக்கோ போல ஒய் முனையைப் பல அளவுகளில் தரும் தொகுப்பையோ, தனியாக விற்கும் ஒய்1 அளவிலான நல்ல எஃகு முனையையோ தேடுவது மேல். எந்த முனையானாலும், திரும்பப் பூட்டும்போது திருகாணியை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றி, ‘டிக்’ என்று பழைய மரையில் அது விழுவதை உணர்ந்த பிறகே வலப்பக்கம் திருப்புங்கள். பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டிக்கொண்டால் ஓடு பிறகு இறுகவே இறுகாது. சுருண்டுபோன என் ஒய் திருப்புளியைத் தூக்கி எறியவில்லை. பேட்டரி கசிந்து பச்சை பிடித்த தகடுகளைச் சுரண்ட வாகாக இருக்கிறது.