ஹீட்டர் போய்விட்டது என்பவரிடம் முதலில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள்

ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் ஹொட் டப்போடு (வெளியில் வைக்கிற சுடுநீர்த் தொட்டி) சேர்த்து வீடு வாங்கிய எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்கள் டப்பைத் திருத்த வந்து பொய் சொல்லிக் காசு வாங்கியவர் இப்போது வேறு போன் இலக்கத்தோடு திரும்பவும் விளம்பரம் போட்டிருக்கிறார். அதனால்தான் நடந்ததை விளக்கமாக எழுதுகிறேன்.

நவம்பரில் ஒரு காலை டப் தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது. வெப்பநிலை காட்டுகிற திரையில் எஃப்எல்ஓ (FLO) என்று மூன்று எழுத்து. திருத்த வந்தவர் தமிழ் ஆள், மரியாதையாகத்தான் கதைத்தார். பக்கப் பலகையைக் கழற்றி, டோர்ச் அடித்து ஒரு பார்வை பார்த்தார். மின் அளவு பார்க்கிற மீற்றரைக் கையில் எடுக்கவேயில்லை. "ஹீட்டர் பழுதாப் போச்சு அக்கா. இண்டைக்கே மாத்தாட்டி இரவைக்குப் பைப் எல்லாம் உறைஞ்சு வெடிச்சிடும், பிறகு டப்பையே எறிய வேண்டி வரும்" என்றார். வெளியில் மைனஸ் 6. அந்தக் குளிரில் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? 640 டொலர் என்றார். அன்றைக்கே மாற்றினார்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் டப்பைப் போட்டுக் காட்டினார். ஜெட்டுகளில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, திரையில் எஃப்எல்ஓ இல்லை, ஹீட்டர் விளக்கும் எரிந்தது. ஆனால் அந்த நேரம் முழுக்க எங்கள் ஃபில்டர் டெக் பலகையில் ஈரத்தோடு கிடந்தது. காசு கைக்கு வந்த பிறகுதான் அதைத் தூக்கி உள்ளே வைத்து, மூடியைப் போட்டார். "சூடாக இரண்டு நாள் எடுக்கும்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். அன்று இரவே அதே மூன்று எழுத்து. போன் பண்ணினால், "அப்ப டப்பை இயக்கிற போர்டும் பழுதாப் போச்சு, 1,100 டொலர் வரும்" என்கிறார்.

அதோடு அவரை விட்டுவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டோம். அந்தப் பெரியவர் பக்கப் பலகையைத் தொடவே இல்லை. பிரேக்கரை நிற்பாட்டி, ஃபில்டரைத் தூக்கி எடுத்து, மறுபடி பிரேக்கரைப் போட்டார். எஃப்எல்ஓ போய்விட்டது. ஃபில்டரின் மடிப்புகளை விரலால் விரித்துக் காட்டினார். உடம்பு எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்து மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வீட்டோடு வந்த ஃபில்டர் அது. ஒவ்வொரு மாதமும் பைப்பில் அடித்துக் கழுவினோம்தான், ஆனால் வெறும் தண்ணீருக்கு அந்த எண்ணெயும் சுண்ணாம்பும் அசையாது. அதற்கென்று விற்கிற கரைசலில் இரவு முழுக்க ஊறவிட வேண்டுமாம். எங்களுடையது அந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டது. புது ஃபில்டர் 70 டொலர்.

கழற்றிய பழைய ஹீட்டரை முதலாமவர் தன் வான் வண்டியில் ஏற்றப் பார்த்தபோது என் கணவர் விடவில்லை. பெரியவர் அதன் இரண்டு முனையிலும் மீற்றர் வைத்தார். மின்தடை 10.4 ஓம். 240 வோல்ட்டில் ஓடும் 5.5 கிலோவாட் ஹீட்டர் சுகமாக இருந்தால் இந்த அளவைத்தான் காட்டும். கம்பி எரிந்து அறுந்திருந்தால் மீற்றர் ஒன்றுமே காட்டாது. கம்பியின் கவசம் வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், மின் கசிந்தால் தானே கரண்டை நிற்பாட்டுகிற ஜிஎஃப்சிஐ (GFCI) பிரேக்கர் விழும். எங்கள் பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை. நல்ல ஹீட்டரைக் கழற்றிவிட்டுத்தான் 640 டொலர் வாங்கியிருக்கிறார்.

எஃப்எல்ஓ, எல்எஃப் (LF) போன்ற எழுத்துகள் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்பதைத்தான் சொல்கின்றன. ஓட்டம் இல்லாமல் ஹீட்டர் எரிந்தால் குழாய் உருகிவிடும் என்பதால் டப் தானே ஹீட்டரை நிற்பாட்டி வைக்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை தண்ணீர் மட்டம், ஃபில்டர், பம்ப். ஃபில்டர் இல்லாமல் ஓடவிட்டுப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒருவரும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது, பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். திறந்த உறிஞ்சு வாய் தலைமயிரை இழுத்துவிடும்.

தண்ணீர் மாற்றிய பிறகு இந்த எழுத்து வந்தால் பெரும்பாலும் பம்பில் காற்று அடைத்திருக்கும். பம்ப் சத்தம் கேட்கும், ஜெட்டில் தண்ணீர் வராது. பிரேக்கரை நிற்பாட்டிவிட்டு, பம்பை ஒட்டியுள்ள பெரிய பிளாஸ்டிக் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்குங்கள். நிரப்பும்போதே பைப்பை ஃபில்டர் குழிக்குள் விட்டால் இந்தத் தொல்லை குறையும். பம்ப் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பம்பைச் சுற்றத் தொடங்கவைக்கிற கப்பாசிட்டர் போயிருக்கலாம். பம்ப் விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு. ஆனால் கரண்டை நிற்பாட்டிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

"இரண்டு நாள்" என்பதும் பொய். 1,500 லீட்டர் தண்ணீரை 5.5 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு ஏறக்குறைய 3 பாகை சூடாக்கும். மூடி போட்டிருந்தால், மாலையில் 15 பாகையில் இருக்கிற தண்ணீர் அடுத்த நாள் காலைக்குள் 38ஐத் தொட வேண்டும். உறைந்துவிடும் என்ற மிரட்டலும் அவ்வளவுதான். பம்ப் ஓடிக்கொண்டு, மூடியும் போட்டிருந்தால், மைனஸ் 6இல் ஒரே இரவில் பைப் வெடிக்காது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

இனி யாரைக் கூப்பிட்டாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க ஏலாது. கழற்றிய சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிரேக்கர், வயர் வேலை என்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

640 டொலரையும் திருப்பிக் கேட்டு, மீற்றர் அளவு தெரிகிற படத்தோடு அவருக்கு எழுதியிருக்கிறோம். பதில் இல்லை. மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் முறைப்பாடு போயிருக்கிறது. இதே மாதிரி உங்களிடமும் காசு வாங்கியிருந்தால் நீங்களும் முறைப்பாடு கொடுங்கள், ரசீதையும் பழைய சாமானையும் எறிந்துவிடாதீர்கள்.