மேட்ச் பார்க்க எங்கே போகலாம்: கேம்ஸ் ரெஸ்டாரன்டா, பரோட்டா கடையா, வீடா?

அக்கா மகனுக்கு 11 வயது முடிந்தது. பிறந்தநாளுக்கு என்னலே வேணும் என்று கேட்டதற்கு, "அந்த கேம்ஸ் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்றான். பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாக வந்திருக்கிற கடை. சுவர் முழுக்க டிவி, உள்ளே போனால் கேம் மெஷின்கள், நாற்காலி முதுகிலெல்லாம் ஜெர்சி நம்பர். அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குச் சென்னை மேட்ச். மேட்ச் என்றால் அவருக்கு வண்ணார்பேட்டையில் ஒரு பரோட்டா கடைதான். அக்காவோ, "இவ்வளவு செலவு எதுக்கு? பார்சல் வாங்கிட்டு வாங்க, கால நீட்டி உக்காந்து பாப்போம்" என்றாள்.

ஐபிஎல் வந்தாலே எங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்துதான். மூன்று இடத்திலும் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

பிறந்தநாள்காரன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்பதால் முதலில் அந்த ரெஸ்டாரன்ட். ஏழரை மணி மேட்சுக்கு ஏழு மணிக்கே போய்விட்டோம். ஒன்பது டிவி எண்ணினேன். இரண்டில் கிரிக்கெட். மற்றதில் ஏதோ பழைய ஃபுட்பால் ஆட்டம், மல்யுத்தம், கார் பந்தயம். எதிலுமே சத்தம் இல்லை; மேலே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. "ஒன்பது டிவி இருக்கு மாப்ள, ஒருத்தனாவது வாயத் தொறந்து பேசுதானா பாரு" என்றார் அத்தான். தமிழ் வர்ணனை கேட்காமல் அவருக்கு மேட்ச் இறங்காது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. பந்து இன்னும் பவுலர் கையில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் விசில் பறக்கிறது. சரி, ஃபோரோ சிக்ஸரோ என்று தெரிந்துபோகிறது. கொஞ்ச நேரம் கழித்து எங்கள் டிவியில் அந்தப் பந்து நிதானமாக பவுண்டரிக்குப் போகிறது. விக்கெட் விழுந்தாலும் அப்படித்தான். டீக்கடையில் ஓடுவது கேபிள். ரெஸ்டாரன்டில் ஓடுவது இன்டர்நெட் வழியாக வரும் ஆப். ஆப்பில் படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்கள். அதனால் அரை நிமிடம்கூடப் பிந்தும். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து என்ன செய்ய? மேட்ச் பார்க்கிற உத்தேசத்தில் இப்படி ஒரு கடைக்குப் போனால், கேபிளா ஆப்பா என்று முதலில் கேளுங்கள். மெனு அப்புறம்.

சாப்பாடு வர நாற்பது நிமிடம் ஆனது. முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் இந்த வகைக் கடைக்கு அது குறையே இல்லை, அடித்தளமே அதுதான். 1977-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் சக் இ சீஸ் என்கிற பீட்சாவும் கேம்ஸும் சேர்ந்த கடையைத் தொடங்கியவர் நோலன் புஷ்னெல். அட்டாரி வீடியோ கேம் கம்பெனியை உண்டாக்கியவர்களில் ஒருவரும் இவரேதான். பீட்சாவை அவர் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம், அது வெந்து வர நேரம் எடுக்கும். அதுவரை பிள்ளைகள் மெஷினில் காசைப் போட்டுக்கொண்டிருக்கும். பெரியவர்களும் ஆடுகிற மாதிரி 1982-ல் டாலஸில் டேவ் அண்ட் பஸ்டர்ஸ் வந்தது. பாளையங்கோட்டைக் கடை அந்த வம்சத்தில் கொள்ளுப் பேரன் முறை. நமக்குக் காத்திருப்பு, அவர்களுக்கு வரும்படி.

வந்த சாப்பாட்டில் சிக்கன் விங்ஸ் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. காரம் நம்ம ஊர் நாக்குக்குச் சரியாக நின்றது. ஃப்ரைஸ் ஆறிப்போய் நார் மாதிரி. பர்கருக்கு வைத்த கிரிக்கெட் பெயரில் இருந்த கெத்து பர்கரில் இல்லை. நான்கு பேருக்குச் சாப்பாடு மட்டும் 2,340 ரூபாய். கேம் கார்டுக்குத் தனியாக 500. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தது. அது கட்டாயம் இல்லை. 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எடுத்துவிடுங்க தம்பி என்றேன், மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். கேட்காமல் இருந்தால் போனது போனதுதான்.

ஆனால் கேம்ஸ் விஷயத்தில் நான் தலைகீழாக மாறிவிட்டேன். ஏர் ஹாக்கி என்று ஒரு மேஜை. பலகை முழுக்க ஊசித் துளைகள், அடியிலிருந்து காற்று வருகிறது. வட்டு பலகையைத் தொடாமல் காற்றின் மேல் வழுக்குகிறது. இளவயதில் கபடி ஆடிய அத்தான், இது என்ன பெரிய விஷயம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். பையன் சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி ஓர் அடி. வட்டு அத்தானின் சுண்டுவிரலை உரசி கோலுக்குள் விழுந்தது. ஏழுக்கு இரண்டு. "இன்னொரு ஆட்டம் போடுலே" என்று கார்டை அவரே தேய்த்தார். அந்தப் பக்கம் டிவியில் சென்னை நான்கு ஓவர் ஆடி முடித்திருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்சை மறக்கடித்து அத்தானை எழுப்பிக் கூட்டிப்போன ஒரு பொருளை நான் அன்றுதான் பார்த்தேன்.

பொம்மை தூக்குகிற மெஷின் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். அந்தக் கொக்கி எப்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும், எப்போது தளர்ந்துவிட வேண்டும் என்பதைக் கடைக்காரரே உள்ளே செட் செய்துவைக்கலாம். பொம்மை பாதி உயரம் வந்து நழுவுவது உங்கள் கைக்குறை இல்லை.

பரோட்டா கடையில் ஒரே டிவி. அதுவும் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. ஆனால் கேபிள், தமிழ் வர்ணனை, முழு வால்யூம். 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை அங்கேதான் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும் என்கிற கட்டத்தில் கடை எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கல்லில் கொத்து பரோட்டா ஓடிக்கொண்டிருந்தது. கொத்துகிற சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டே, அது மெல்ல மெல்லக் குறைந்து கடைசி ஓவரில் நின்றேவிட்டது. 6 பந்தில் 16. மாஸ்டர் இரண்டு கையிலும் தகட்டைப் பிடித்தபடி டிவியைப் பார்த்து நிற்கிறார். மில்லர் தூக்கி அடித்த பந்தை சூர்யகுமார் கோட்டோரத்தில் பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, வெளியே போய்த் திரும்பி வந்து பிடித்தார். பெஞ்சு கவிழ்ந்தது. சால்னா வாளி ஆடியது. கல்லில் முட்டை கருகிய வாடை. ஆர்டர் கொடுத்தவர் அதே கருகலை வாங்கி, "பரவால்ல, வைங்க அண்ணாச்சி" என்று சாப்பிட்டார். ஒன்பது டிவிக் கடையில் இதை எந்தக் கார்டில் ரீசார்ஜ் செய்ய?

சாப்பாட்டைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீசி, சுருட்டி, சுட்டு, சூடாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுகிற அந்தத் தட்டில்தான் அடுக்கு பிரியும். உட்கார்ந்து இலை போட்ட இரண்டாவது நிமிடத்தில் பரோட்டா விழுந்துவிடும்.

சிக்கலும் அதிலேதான். சீக்கிரம் வருகிற சாப்பாடு சீக்கிரம் முடியும். இலையை மடித்த பிறகும் உட்கார்ந்திருந்தால் முதல் தடவை, "அண்ணாச்சி, இன்னும் என்ன வைக்க?" என்பார்கள். இரண்டாவது தடவை பெஞ்சைத் துடைக்க வருவார்கள். இதற்கு அத்தான் ஒரு வழி வைத்திருக்கிறார்: முதல் ஆறு ஓவர் பவர்பிளேக்கு இரண்டு பரோட்டா, பத்து ஓவர் கழித்து ஒரு கலக்கி, சேஸிங்கில் ஒரு ஆம்லெட், கடைசியில் ஒரு டம்ளர் பால். இழுத்தால் பதினேழாவது ஓவர் வரைக்கும் வரும். அதற்குமேல் நின்றபடிதான். நாலு பேருக்கு 600 ரூபாயைத் தாண்டியதில்லை.

இந்தக் கணக்கில் அக்காவுக்கு இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபேமிலி ரூம் என்று ஒரு தடுப்பு இருக்கிறது. அதில் ஃபேன் உண்டு, டிவி கிடையாது. மேட்ச் நடக்கிற பக்கம் ஆம்பளைகள் தோளோடு தோள் நெருக்கி நிற்பார்கள். ரெஸ்டாரன்டில் அவள் மூன்று மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள், யாரும் எழுப்பவில்லை, கழிப்பறை சுத்தமாக இருந்தது. 2,340 ரூபாயில் ஒரு பங்கு அதற்குத்தான் என்று வைத்துக்கொண்டால் எனக்குப் பாதி கோபம் போய்விடுகிறது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. நூல் சுற்றிய சால்னா பொட்டலம் சூடாக இருக்கும், பரோட்டா வேர்த்து நமுத்திருக்கும், ஒன்பது மணி வரை ரிமோட் அம்மா கையில். ஆனாலும் சில மேட்ச்சுக்கு வீடுதான் கதி. 2023 ஐபிஎல் ஃபைனல் ஒரு நாள் மழையில் தள்ளிப்போய், மறுநாளும் மழை வந்து, நள்ளிரவு 12.10-க்கு மறுபடி தொடங்கியது. சென்னைக்கு 15 ஓவரில் 171. ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும் அப்போது? கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டியிருந்தபோது ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்தார். மணி ஒன்றரை. அத்தான் கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரர் திருடனோ என்று லைட் போட்டார்.

டிவியே வேண்டாம் என்பவர்களுக்கு நெல்லைப் பக்கத்திலேயே சங்கர் நகர் மைதானம் இருக்கிறது. 2016-ல் டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அங்கே ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அந்த வருஷம் நெல்லைக்கு ஆட்டம் போட்டிருக்கிறார்களா என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

என்னைக் கேட்டால், மேட்ச் நாளில் அந்த ரெஸ்டாரன்டுக்குப் போவதுதான் தப்பு. மேட்ச், சாப்பாடு, கேம்ஸ் மூன்றுக்கும் ஒரே நாளில் காசு கட்டுகிறோம். ஒன்று மற்றதைப் பார்க்க விடுவதில்லை. மேட்ச் இல்லாத நாளில் மதியம் மூன்று மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, ஏர் ஹாக்கிக்கு வரிசை இருக்காது. விங்ஸ் மட்டும் சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வண்ணார்பேட்டை போய்க்கொள்ளலாம்.

கேம் கார்டில் 140 ரூபாய் மிச்சம் இருக்கிறது. காசாகத் திருப்பித் தர மாட்டார்களாம். கார்டு என் பர்ஸில் இருப்பது பையனுக்குத் தெரியும். தினம் ஒரு தடவை "மாமா" என்று இழுக்கிறான். அத்தான் நேற்று தானாகவே போன் போட்டு, "மாப்ள, சனிக்கிழமை சென்னைக்கு மேட்ச் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ மூணு மணிக்கு வந்துரு" என்றார்.