பேயைக் காட்டாத பேய்ப்படம்: ‘ரெக்வியம்’ (2006)

பேய் பிடித்ததா, நோயா என்று கேட்கிற படம் எது வந்தாலும் பார்த்துவிடுவேன். பெரும்பாலும் ஏமாற்றம்தான். முதல் அரை மணி நேரத்தில் டாக்டர் வந்து கையை விரிப்பார், பிறகு கடைசிவரை பாதிரியார் ராஜ்யம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஷ்மித் இயக்கிய இந்த ஜெர்மன் படம் அப்படி இல்லை.

பின்னால் இருப்பது உண்மைச் சம்பவம். ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த அன்னெலீஸ் மிஷெல் என்ற கல்லூரி மாணவி, பல ஆண்டுகள் வலிப்புக்கு மருந்து சாப்பிட்டவர். 1975 செப்டம்பரில் ஆயரின் அனுமதியோடு அவருக்குப் பேயோட்டும் சடங்கு தொடங்கியது. பத்து மாதத்துக்குள் 67 முறை. 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், பட்டினியாலும் உடலில் நீர் வற்றியதாலும் இறந்தபோது எடை சுமார் 30 கிலோ. பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் குற்றவாளிகள் என்று 1978இல் தீர்ப்பு வந்தது, ஆறு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

இதே சம்பவத்திலிருந்து பிறந்த ‘தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’ (2005) பலர் பார்த்திருப்பீர்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், சர்ச்சுக்குப் போகிற அரசு வழக்கறிஞர் மருத்துவத்தின் பக்கமும் கடவுள் நம்பிக்கை உறுதியில்லாத பெண் வழக்கறிஞர் பாதிரியார் பக்கமும் நிற்பது. வலிப்புக்குக் கொடுத்த மாத்திரைதான் சடங்கைப் பலிக்கவிடாமல் செய்தது என்று ஒரு வாதம் வரும் பாருங்கள், கேட்கும்போது எனக்குக் கோபமே வந்தது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கடிகாரம் நிற்பதையும் வழக்கறிஞர் வீட்டிலேயே ஏதோ நடமாடுவதையும் காட்டிவிட்டு, ‘நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்றால் எப்படி? ஜூரி சொல்லும் முன்பே கேமரா தீர்ப்புச் சொல்லிவிட்டது.

‘ரெக்வியம்’ படத்தில் அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரிவது மட்டும்தான் நமக்கும் தெரியும். அன்னெலீஸின் இடத்தில் இந்தப் படத்தில் வரும் மாணவி மிகைலாவின் கை சிலுவையை நோக்கிப் போகிறது, தொட முடியவில்லை, அவ்வளவுதான். அவள் காதில் விழும் குரல் நமக்குக் கேட்பதில்லை, அவள் பார்க்கும் முகம் நமக்குத் தெரிவதில்லை. மிகைலாவாக நடித்த சாண்ட்ரா ஹ்யூலர் முகத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் (பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான ‘வெள்ளிக் கரடி’ விருது வாங்கிய நடிப்பு). வீட்டைவிட்டு முதல்முறையாகப் படிக்கப் போன சந்தோஷத்தில் அவள் ஆடுகிற ஒரு நடனம் இருக்கிறது, அது விடுதலையா, வரப்போகிற நோயின் முன்னோட்டமா என்று இரண்டாவது முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வீட்டில் கெட்டவர் யாரும் இல்லை, அதுதான் பயம். அப்பாவுக்கு மகள்மேல் உயிர். அம்மா கறார், ஆனால் அவரும் மகளுக்காகத்தான் ஜெபிக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சாயந்திரம் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், மறுநாள் டாக்டரிடமும் போவார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டுமே வைத்தியம்தான், நான் தப்புச் சொல்ல மாட்டேன், மாத்திரை ஒருநாளும் நின்றதில்லை. ஜெர்மனியில் டாக்டரிடம் போவதை விட்டுவிட்டுச் சடங்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடாத பெண்ணுக்கு ஒரு ட்ரிப்ஸ் ஏற்றக்கூட ஆளில்லை.

குறையும் உண்டு. காதலன் பாத்திரம் மேலோட்டம், திடுக்கிட வைக்கும் காட்சிகளை எதிர்பார்த்தால் படம் ரொம்ப மெதுவாகப் போகும், மரணம்கூடக் கடைசியில் சில வரி எழுத்தாகத்தான் வருகிறது. எனக்கு அது சரியாகவே பட்டது. ஏனென்றால் அதற்குமுன் மலைச்சரிவில், நல்ல வெயிலில், தோழி ஹன்னா அவளை அழைத்துப்போகத் தயாராக வந்து நிற்கிறாள். மிகைலா தெளிவாக, அமைதியாக மறுத்துவிடுகிறாள். அப்போது பேசியது நோயா, பக்தியா, அவளேதானா? நான் ஹன்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.