சர்வே எண்ணும் ஒரு ராத்திரியும்: பதிவுத்துறை, பட்டா இணையதளங்கள் பற்றி என் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணத்தில் முதன்முதலாக ஒரு மனை வாங்கிப் போடலாம் என்று போன வருடம் அலைந்தேன். அப்போது கைகொடுத்தவை இரண்டு அரசு இணையதளங்கள். வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) பார்க்கப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட், பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்க வருவாய்த்துறையின் இ-சேவை தளம். இரண்டிலும் பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு புரோக்கர் 1,200 சதுரடி மனை காட்டினார். மண் அடித்து, கல் நட்டு, பார்க்க லட்சணமாக இருந்தது. "அக்கா, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, நாளைக்கே டோக்கன் போட்டுடுங்க" என்றார். சரி என்று சொல்லி, சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதி வாங்கி வந்தேன்.

ராத்திரி கடையை மூடிவிட்டு செல்போனில் புலப்படத்தை இறக்கினேன். கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர் என்று அதில் போட்டிருக்கும். புரோக்கர் கொடுத்த லேஅவுட் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்தேன். அளவெடுத்துத் துணி வெட்டுகிற கைக்கு அது பழகிய வேலை. லேஅவுட்டில் ரோடு என்று இருந்த இடத்தில் புலப்படத்தில் வேறொரு சர்வே எண் ஓடியது. எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டால் 'வாய்க்கால்', அரசு புறம்போக்கு. எனக்குக் காட்டிய மனையின் ஒரு மூலையும் அதற்குள்தான் விழுந்தது. டோக்கன் கொடுக்கவில்லை.

அடுத்து பார்த்த மனைக்கு 30 வருட வில்லங்கம் போட்டேன். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள் சங்கிலி மாதிரி தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். அடமானம் இருந்தால், அதை முடித்த ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். இந்த மனையில் அடமானம் இருந்தது, ரசீது இல்லை. கடனை எப்போதோ கட்டிவிட்டதாக உரிமையாளர் சொன்னார். ரசீதைப் பதிவு செய்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், பதிவாகாத ஒப்பந்தம், பதிவாகாத உயில் எதுவும் வில்லங்கத்தில் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் அதில் தெரியும் என்று நம்ப முடியாது. அதனால் மூலப்பத்திரத்தை வாங்கி வக்கீலிடம் காட்டுங்கள், அந்த ஃபீஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், பாகூர் பக்கம் மனை பார்த்தால் இந்தத் தளங்கள் உதவாது, அது புதுச்சேரி. 'பாண்டிக்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எந்தப் பதிவு அலுவலகம் என்று முதலில் கேளுங்கள்.

பத்திரச் செலவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 8 லட்சத்துக்கு 72,000 ரூபாய் வரும். 10 லட்சம் வரை பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. எனக்கு 8,000 ரூபாய் மிச்சமானது.

கடலூரில் எந்த இணையதளமும் சொல்லாத ஒன்று உண்டு: 2015 மழையில் அங்கே தண்ணீர் எதுவரை நின்றது? அதை அந்தத் தெருக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். நான் வாங்கிய மனைக்கு எதிர்வீட்டு ஆயா தன் வீட்டுப் படிக்கட்டைக் காட்டி, "ரெண்டாவது படி நனையல கண்ணு" என்றார்.