ஒரே துணையா, பல வாசல்களா: தென்கொரியாவும் இந்தியாவும்

1953-இல் அமெரிக்காவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட தென்கொரியா, தன் காவலுக்கும் தொடக்ககால நிதியுதவிக்கும் பெரும்பாலும் அந்த ஒரு நாட்டையே நம்பியது. வடகொரியாவுடனான போர் முடிந்தும் எல்லையில் பகை நீடித்த நிலையில் அதற்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. எனினும், 1971-இல் அமெரிக்காவின் நிக்சன் அரசு அங்கிருந்த தன் வீரர்களில் ஏறத்தாழ 20,000 பேரைத் திரும்ப அழைத்தபோது தென்கொரியத் தலைநகர் சியோலால் அதைத் தடுக்க இயலவில்லை. பின்னர், தன் அணு ஆயுத முயற்சியையும் வாஷிங்டனின் அழுத்தத்தால் கைவிட நேர்ந்தது. தொழில்நுட்பத்திலோ கதவு திறந்தே இருந்தது: 1983-இல் சாம்சங், அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று நினைவகச் சில்லுகளைத் தயாரித்தது.

இந்தியா பல வாசல்களைத் தட்டியது. பிலாய் உருக்காலைக்குச் சோவியத் ஒன்றியமும், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும், துர்காப்பூருக்குப் பிரிட்டனும் உதவின; பொகாரோ திட்டத்தில் அமெரிக்க உதவி கைகூடாதபோது மாஸ்கோ முன்வந்தது. பேரம் பேசும் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் உணவில் அந்த வலிமை இல்லை. 1965-66 வறட்சியில் அமெரிக்காவின் ஜான்சன் அரசு இந்தியாவுக்கான கோதுமையைச் சிறு தவணைகளாகவே விடுவித்தது. வியட்நாம் போர் குறித்த டெல்லியின் விமர்சனம் அதற்கு ஒரு காரணம். மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இயந்திரத்திலும் அப்படித்தான்: 1993-இல் அமெரிக்க அழுத்தத்துக்குப் பணிந்த ரஷ்யா, இயந்திரங்களை விற்றதே தவிர நுட்பத்தைத் தரவில்லை, உள்நாட்டு இயந்திரத்துடன் இந்தியாவின் ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிபெற 2014 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.